ஏற்றிச் செல்பவர்

கேட் பாஸில் ஏழு கட்டம்.
ஆறைக் கண்ணை மூடிக்கொண்டே நிரப்புவேன்.
‘ஏற்றிச் செல்பவர்’ என்ற கட்டத்தில் மட்டும்
பேனை தயங்கும்.

ஒருகாலம் தோட்டத்துக்கென்றே ஒரு லொறி இருந்ததாம்.
பாதி நாள் மேட்டில்
டயருக்குக் கல் வைத்து நிற்குமாம்.
அதை விற்றுவிட்டு
கம்பளை நிசாம்தீனிடம் வாடகை பேசினார்கள்.
ஏற்றுவார், இறக்குவார், அத்தோடு சரி.
பிறகு பேலியகொடையில் ஒரு கம்பெனி வந்தது.
ஏற்றுவது அடுக்குவது எண்ணுவது
ஸ்டோரில் ஈரம் பார்ப்பது
எல்லாம் எங்கள் பாடு என்றது.
இப்போது அதற்கும் மேலே ஒரு கம்பெனி.
லொறி இல்லை, ஸ்டோர் இல்லை,
மூட்டை கட்ட ஒரு முழக் கயிறும் இல்லை.
மற்ற எல்லாரையும் பார்த்துக்கொள்வதுதான்
அவர்கள் தொழிலாம்.

அங்கிருந்து விளக்கம் சொல்ல வந்த ஷெஹானி
சுவரில் படம் காட்டினாள்:
ஒன்றன்மேல் ஒன்றாய் ஐந்து படி.
நான் கேட்டேன்,
பத்தாம் நம்பர் மலையிலிருந்து
கொழுந்தை முதுகில் இறக்கும் மருதாயி
இதில் எத்தனையாவது படி?
அவள் சிரிக்கவில்லை. யோசித்துத்தான் சொன்னாள்:
“அது சப்ளை, மிஸ்.
லொஜிஸ்டிக்ஸில் வராது.”

வியாழன் இரவு
கினிகத்தேனைக்குக் கீழே மண் சரிந்தது.
தொண்ணூறு மூட்டைத் தூளோடு
வரிசையில் முப்பதாவது வண்டியாய்
சந்தனராஜ்.
கேட் பாஸில் இருப்பது என் நம்பர்,
எனக்குத்தான் அடித்தான்:
“அக்கா, பின் மூலையில படங்கு கிழிஞ்சிருக்கு.
மழை விடுற மாதிரி இல்ல.”

பேலியகொடைக்கு எடுத்தேன்.
நிசாம்தீனைக் கேளுங்கள் என்றார்கள்.
நிசாம்தீன் சொன்னார்,
“தங்கச்சி, அது என் வண்டியே இல்ல,
இந்த வாரம் பண்டாரட மச்சானுக்குக் குடுத்துட்டன்.”
பண்டாரவின் மச்சான்
போனை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டார்.
ஷெஹானி மட்டும் முதல் மணியிலேயே எடுத்தாள்.
“லொறி ஓடிக்கொண்டிருக்கிறதே, மிஸ்.
திரையில் பச்சைப் புள்ளி தெரிகிறது.”
எங்கே ஓடுகிறது?
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
“ஆற்றுக்கு நடுவில்.”

சந்தியில் தொங்கிய பழைய தேர்தல் பேனரை
கிளீனர் பையன் ஏறி அவிழ்த்தானாம்.
நாலாய் மடித்து மூலையில் கட்டினார்களாம்.
யாரோ ஒரு வேட்பாளர்
விடியும்வரை பல் தெரிய நனைந்து
எங்கள் தேயிலையைக் காத்தார்.

முழுக்கவும் இல்லை.
ஆறாம் நாள் கடிதம் வந்தது:
மூன்று மூட்டையில் ஈரம்.

மலையில் எதுவும் இறங்கித்தான் போகும்,
தண்ணீர், மண், கொழுந்து, கொழும்புக்குப் போகும் பிள்ளைகள்.
கூலியும் அப்படித்தான் இறங்குகிறது,
வளைவுக்கு வளைவு கொஞ்சம் சிந்தி.
அபராதம் மட்டும்
ஒரு சொட்டுச் சிந்தாமல் வந்து சேர்ந்தது:
பதினோராயிரத்து நானூறு.
ஒரு பயணத்துக்கு அவன் வாங்குவது
மூவாயிரத்து ஐந்நூறு.

இன்று காலை மறுபடி கேட்டில் நிற்கிறான்.
கடிதத்தின் பிரதி என் லாச்சிக்குள்.
அவனுக்குத் தெரியுமா தெரியாதா,
முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.
கேட்டது ஒன்றே ஒன்று:
“திரும்பி வாறப்ப உர மூட்டை லோட் இருக்குமா அக்கா?
வெறும் லொறியா ஏறினா டீசல் கட்டாது.”
கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
யாரைக் கேட்பது என்று
அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஏழாவது கட்டத்தில் வழக்கம்போல்
ஒரு கயிறும் இல்லாத கம்பெனியின் பெயரை எழுதி
சீல் குத்திக் கொடுத்தேன்.

லொறி வளைவில் திரும்பியது.
பின் மூலையில்
அந்த வேட்பாளர் இன்னும் சிரித்தபடி
பின்பக்கமாகவே மலை இறங்கினார்.